சாம்பிள் படி ஒரு ஷாஃப்ட்

தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு தோள்பையும் பதினொரு கிலோ இரும்பும் இருந்தன. இரும்பு என்பது எங்கள் மாவு மில்லின் ஷாஃப்ட். அரவைக் கல்லைச் சுழற்றுகிற தண்டு. இரண்டேகால் அடி நீளம், என் மணிக்கட்டுப் பருமன். அரிசிச் சாக்கில் சுற்றி, நடுவில் பழைய துண்டால் பிடி வைத்துக் கட்டியிருந்தேன். கைக்குழந்தையைத் தூக்குவது போல் தூக்கினால் வலிக்காது என்று அப்பா சொல்லியிருந்தார். அது பொய் என்று சங்கரன்கோவில் ஸ்டேஷன் படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டைப் பொறுத்தவரை சென்னையும் வெளிநாடுதான். அம்மா அப்படித்தான் பை கட்டினாள். பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், காய்ச்சல் மாத்திரை, அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு பாட்டில் எங்கள் ஊர்த் தண்ணீர். தண்ணீரை மட்டும் ரயிலிலேயே குடித்துத் தீர்த்தேன். சுமக்க முடியவில்லை.

போன காரியம் இதுதான். ஷாஃப்டில் புல்லி மாட்டுகிற இடத்தில் கீறல் விட்டு, மில் நின்று பத்து நாளாகியிருந்தது. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்ததால் மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மில்லைத் தான் குத்தகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் தாம்பூலத் தட்டோடு வந்து சாவி வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு வயது இருபத்திரண்டு. பி.காம். முடித்துவிட்டு ஒரு வருடமாக அதே மில்லில் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். "மில்ல நான் ஓட்டுறேன்ப்பா" என்றேன்.

அப்பா கட்டிலில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள புது ஷாஃப்ட்டக் கொண்டாந்து மில்ல ஓட வச்சிட்டேன்னா ஒனக்கு. இல்லைன்னா மாமனுக்கு. பெறகு அழக் கூடாது பாத்துக்கோ."

எங்கள் ஊரில் பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று பதின்மூன்றிலேயே பந்தல் போட்டு அறிவித்துவிடுகிறார்கள். பதினெட்டில் வாக்காளர் அட்டை வந்தது. இரண்டாலும் எனக்கு எந்தப் பொறுப்பும் வந்து சேரவில்லை. இந்த ஷாஃப்ட்தான் முதல் பொறுப்பு. அதனால் புறப்படுவதற்கு முந்தின நாள் அதை மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வருடக்கணக்கான மாவும் கிரீஸும் போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது. இரண்டு முனைகளிலும் கறுத்துப்போன தகரத் துண்டு எதுவோ சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் கத்தியால் நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டேன். பெரிய ஊருக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகக் கூடாது என்பது என் எண்ணம். அப்பா பார்க்கும்போது அது சாக்குக்குள் போய்விட்டிருந்தது.

திங்கள்கிழமை காலை. தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு மின்சார ரயிலில் இரண்டே நிறுத்தம். பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லை. சாக்கைக் காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். பூ தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். எங்கள் ஊர் என்றால் சாக்கில் என்ன, எங்கே போகிறாய், யார் மகள் என்று மூன்று கேள்வியாவது வந்திருக்கும். இங்கே ஒரு கேள்வியும் இல்லை. முதலில் அது மரியாதையாகத் தெரிந்தது.

குரோம்பேட்டையில் என் கல்லூரித் தோழி ஷாலினி பெண்கள் விடுதியில் இருக்கிறாள். ஒரு தனியார் கம்பெனியில் போனில் பதில் சொல்லும் வேலை. அவள் அறையில் எனக்குத் தரையில் ஒரு பாய், ஷாஃப்டுக்குக் கட்டிலுக்கு அடியில் இடம். விடுதியில் காலைக்கு மூன்று இட்லி. சமையல்காரம்மா எண்ணித்தான் வைக்கிறார். என் அம்மா முன்னால் யாராவது இட்லியை எண்ணினால் அன்று முழுவதும் பேச மாட்டாள். நான்காவது கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே மூன்றோடு எழுந்துவிட்டேன். கேட்டிருந்தால் கொடுப்பார்களாம். பிறகுதான் தெரிந்தது.

பட்டறை இருந்தது திருமுடிவாக்கத்தில். எங்கள் மெஷினை இருபது வருடத்துக்கு முன் செய்துகொடுத்ததே அவர்கள்தான். பல்லாவரத்தில் போய் ஷேர் ஆட்டோ பிடிக்கச் சொல்லியிருந்தாள் ஷாலினி. நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் "திருமுடிவாக்கம் போகுமாண்ணா?" என்று கேட்டேன்.

"ஏறு, ஏறு" என்றார். சாக்கைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது? உள்ள இன்னா கீது?" என்றார்.

"ஷாஃப்டுண்ணா. மில் ஷாஃப்ட்."

"இன்னாவோ கீது. ஒரு ஆள் எடம் புடிக்குது. அதுக்கும் சேத்து ரெண்டு டிக்கெட்டு."

ஷாஃப்டும் நானும் அருகருகே உட்கார்ந்து போனோம். ஒவ்வொருவராக இறங்கினார்கள். வீடுகள் நெருங்கின, தெரு குறுகியது. திடீரென்று தலைக்கு மேல் ஒரு விமானம், அதன் வயிற்றில் சக்கரம் தெரிகிற உயரத்தில், வானத்தையே அடைத்துக்கொண்டு போனது. நான் வாயைப் பிளந்தேன். தெருவில் வேறு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அந்தச் சத்தம் போகும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்ந்தார்.

"இன்னாமா, இன்னும் எறங்கல? பொழிச்சலூர் வந்துட்ச்சி. கடைசி ஸ்டாப்பு" என்றார் ஆட்டோக்காரர்.

"திருமுடிவாக்கம்னு சொன்னேனே அண்ணா."

"நீ சொன்ன. நான் ஏறுன்னேன். பம்மல்ல எறங்கி வேற வண்டி மாறணும். வாயத் தொறந்து கேட்டுக்கினே வர வேணாவா? பேஜாரு புடிச்ச கேஸா கீறியே!" என்று திட்டினார். பிறகு, "சரி குந்து. திரும்பிப் போறப்போ பம்மல்ல உட்டுட்றேன்" என்றார். திரும்பும்போது ஷாஃப்டுக்கு டிக்கெட் வாங்கவில்லை.

பட்டறை தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தகர ஷெட். உள்ளே நான்கு மெஷின்கள். எண்ணெயும் இரும்பும் சூடானால் வருகிற வாசனை எங்கள் மில்லிலும் உண்டு என்பதால் கொஞ்சம் தைரியம் வந்தது. முதலாளி தேவராஜன் சாருக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்துக் குடும்பம். "இந்த ஷெட்டு நிக்கிறதே எங்க தாத்தா நெல்லு போட்ட எடம்தாம்மா" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. இதே போல இன்னும் நான்கு ஷெட் வாடகைக்கு விட்டிருப்பதாக அடுத்த மூச்சில் சொன்னார்.

"அந்தக் காலத்து நோட்டெல்லாம் இப்போ இல்ல. சைஸ் தெரியுமாம்மா? இல்ல, டிராயிங் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

என் பர்சில் அப்பா எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டு இருந்தது. அதில் பேரிங் நம்பர் இருந்தது. ஷாஃப்டின் இரு முனைகளும் உட்கார்ந்து சுழல்கிற வளையம்தான் பேரிங். புது ஷாஃப்டுக்குப் புது பேரிங் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அது பேரிங் கடைக்கு, இது இரும்பு கடைகிற லேத் பட்டறைக்கு என்று நான் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தேன். சீட்டை எடுக்கவில்லை.

"சாம்பிள்தான் இருக்கே சார்" என்றேன், பத்து வருடமாக ஷாஃப்ட் வாங்குகிறவள் குரலில்.

"அப்போ சாம்பிள் படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. புதன்கிழமை மத்தியானம் ரெடி."

ஆர்டர் நோட்டில் சைஸ் என்ற கட்டத்துக்குள் 'சாம்பிள் படி' என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். முப்பிடாதி என்று கையொப்பமும் இட்டேன். அந்தப் பெயரைத் தேவராஜன் சார் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "என்ன பேரும்மா இது?" என்றார். எங்கள் ஊர் அம்மன் பெயர் என்று சொன்னேன்.

லேத்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் ரஞ்சன், ஒடிசாக்காரர், என் வயதுதான். இன்னொருவர் பீகாரிலிருந்து வந்தவர். இருவரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். நான் பள்ளியில் படித்தபோது அம்மாவின் பிடிவாதத்தால் டியூஷனுக்குப் போய் ஐந்து இந்திப் பரீட்சை எழுதியவள். அந்த இந்தியை ஒரு மனிதரிடமும் பேசியதில்லை. ஆனால் காதில் விழுந்தால் புரியும்.

ரஞ்சன் என் ஷாஃப்டின் முனைகளை வெர்னியர் வைத்து அளந்தார். "நாற்பத்தொன்பது புள்ளி ஆறு மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும். இப்படி ஒரு அளவை யார் கேட்பார்கள்?" என்றார்.

"தேய்ந்துபோயிருக்கும்" என்றார் மற்றவர்.

"அப்படியானால் புதிதையும் தேய்ந்த மாதிரியே செய்ய வேண்டுமா?"

"சாம்பிள் படி என்றுதானே எழுதியிருக்கிறது. உனக்கென்ன? படித்த பெண்ணாகத் தெரிகிறது. தெரியாமலா எழுதியிருக்கும்?"

இதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. என்ன விஷயம் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஒட்டுக் கேட்டதும் தெரிந்துவிடும். படித்த பெண் என்ற பட்டம் கிடைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை இழக்க மனமில்லாமல், ஒன்றும் புரியாதவள் போல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. விடுதி வாசலுக்கு மீன்கார அக்கா ஒருவர் அலுமினியப் பாத்திரத்தோடு வந்தார். கோவளம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறாராம். செக்கச்செவேலென்ற ஒரு மீனைக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

"சங்கரா. இது தெரியாதா உனக்கு? எந்த ஊரு நீ?"

"சங்கரன்கோவில்."

"த்தோடா! பேர்லயே மீனு வெச்சிகினு மீனு தெரியலன்றா பாரு" என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மதியம் அந்த மீனைக் குழம்பில் சாப்பிட்டேன். முள் குறைவு, ருசி அதிகம். எங்கள் ஊருக்கு வரும் மீன் ஐஸில் இரண்டு நாள் கிடந்து என்னைவிடக் களைப்பாக வந்து சேரும்.

சாயங்காலம் ஷாலினி என்னைத் தாம்பரத்துக்குப் பரோட்டா சாப்பிட அழைத்துப் போனாள். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க ஒரு மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அதன் மேல் நின்றால் பஸ், லாரி, ரயில் எல்லாம் தெரியும். ஒன்றுக்கும் நிற்க நேரமில்லை. பரோட்டாவைப் பற்றித் தென்காசிப் பக்கத்துக்காரி என்ற முறையில் நான் கருத்துச் சொல்லாமல் இருப்பதே நல்லது. சால்னா கேட்டால் குருமா ஊற்றினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாப்பிடும்போது நாற்பத்தொன்பது புள்ளி ஆறு பற்றி அவளிடம் சொன்னேன்.

"போன் பண்ணிக் கேட்டுடேன்டி" என்றாள்.

"கேட்டா என்ன நினைப்பாங்க?"

"தெரியாதுன்னு நினைப்பாங்க. தெரியாதுதானே?"

இன்னொரு பரோட்டா வாங்கிக்கொண்டேன். தேவராஜன் சாரின் நம்பர் என் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குத் தெரியாததா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் மேல் கோபம்தான் வருகிறது. ஒரு போன், ஒரு நிமிடம்.

புதன்கிழமை மதியம் புது ஷாஃப்ட் தயாராக இருந்தது. கண்ணாடி மாதிரி முகம் தெரிந்தது. வாங்கியாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பழையதை ஒரு தோளிலும் புதியதை ஒரு தோளிலுமாகச் சுமந்துகொண்டு பம்மல் வந்தேன். அன்று மாலை ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. பெரிய காரியத்தைச் சுலபமாக முடித்துவிட்ட பெருமிதத்தில் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பேரிங் ஏத்திப் பாத்தியாட்டி?" என்றார்.

"இன்னும் வாங்கலப்பா. இப்பத்தான் கடைக்குப் போறேன்."

"ஏத்திப் பாத்துட்டு வண்டி ஏறு."

பம்மல் மெயின் ரோட்டில் ஒரு பேரிங் கடை. அப்பாவின் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அதைப் படிக்கக்கூட இல்லை, ஒரு பார்வை பார்த்தார். "அறுபத்திரண்டு பத்து. ஐம்பது எம்எம். ரெண்டு தானே?" என்றார். பெட்டியைப் பிரித்து, என் ஷாஃப்டின் முனையில் பேரிங்கைப் போட்டார். அது யாரும் தள்ளாமலே உள்ளே போய், லொடக்கென்று சாய்ந்து தொங்கியது. ஆட்டினார், ஆடியது. மறு முனையிலும் அதே கதை.

"இன்னாமா, லூசா கீது? யாரு கடைஞ்சது இத?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அங்கேயே நின்று மறுபடி அப்பாவுக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னேன்.

"ரெண்டு முனையிலயும் தகரம் சுத்தியிருந்தேனே, அது எங்கட்டி?"

"அழுக்குன்னு நெனச்சுப் பிச்சுப் போட்டுட்டேன்ப்பா."

"பவுடர் டப்பாவ வெட்டிச் சுத்தினது. ஆறு வருசத்துக்கு முன்னாடியே ஷாஃப்ட்டு தேஞ்சிட்டு. மாத்த வசதிப்படல. அந்தத் தகரத்துலதான் மில்லு ஓடிட்டிருந்தது." பிறகு, மிகவும் மெதுவாக, "ஒங்கிட்ட சொல்லியிருக்கணும். கூச்சமா இருந்துது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தினமும் அந்த மில்லில் நின்றிருக்கிறேன். நானும் ஒருநாள்கூட அது என்ன என்று கேட்டதில்லை.

பேரிங் இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பத் திருமுடிவாக்கம். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து சண்டைக்குத் தயாரானேன். உங்கள் ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பது. அழகான வசனம்தான். ஆனால் அதை எப்படி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் உனக்கும்தானே தெரிந்திருந்தது என்ற பதில் அதன் பின்னாலேயே வந்தது. தொழிற்பேட்டை வருவதற்குள் சண்டை தீர்ந்துபோயிருந்தது. இந்தத் தடவை எங்கே இறங்க வேண்டும் என்று ஆட்டோவில் இரண்டு பேரிடம் கேட்டேன்.

தேவராஜன் சார் பேரிங்கைப் போட்டுப் பார்த்தார். ஆர்டர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சாம்பிள் படி. அழகான கையெழுத்து.

"என் தப்புதான் சார்" என்றேன். "வெள்ளிக்கிழமை காலையில மில் ஓடணும். இல்லைன்னா மில் என் கையை விட்டுப் போயிடும்."

அவர் தாடையைச் சொறிந்தார். "புதுசு போடணும்னா ராடு ஒண்ணு இருக்கு. ஆனா மெஷின் நாளைக்கு வேற ஆர்டருக்குப் புக் ஆயிடிச்சிம்மா. சனிக்கிழமைதான் முடியும். ஒண்ணு பண்றேன். இதுலயே ரெண்டு முனையிலயும் வெல்டிங் வெச்சிப் பருமன ஏத்தி, மறுபடி கடைஞ்சி குடுத்துடறேன். மூணு மணி நேரம். இன்னிக்கே ட்ரெயின் புடிச்சிடலாம்."

எனக்கு மூச்சு வந்தது. தலையாட்டப் போனேன். பின்னால் ரஞ்சன் தாழ்ந்த குரலில் மற்றவரிடம் சொன்னது கேட்டது. "வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையும். மாவுக் கல்லின் கனத்துக்கு ஆறு மாதம் தாங்கினால் அதிகம்."

திரும்பினேன். "வளையுமா?" என்று இந்தியில் கேட்டேன்.

லேத் ஓடிக்கொண்டிருந்தது, அவர்கள் இருவரும் நின்றுவிட்டார்கள். என் இந்தி பரீட்சை இந்தி. தாங்கள் கூறியதைத் தயைகூர்ந்து விளக்க இயலுமா என்கிற தினுசில்தான் எனக்கு வரும். பீகார்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ரஞ்சன் சிரிக்கவில்லை.

"அன்று நாங்கள் பேசியதும் புரிந்ததா?"

"புரிந்தது."

"அப்புறம் ஏன் கேட்கவில்லை?"

"வெட்கம். நீங்கள் ஏன் சொல்லவில்லை?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "முன்னால் வேலை செய்த இடத்தில் ஒருமுறை அளவு தப்பு என்று சொன்னேன். நீ என்ன இன்ஜினியரா என்று கேட்டார்கள். அதிலிருந்து கொடுத்ததைச் செய்வதோடு சரி."

வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். வெல்டிங் என்றதுமே, "அதையே வச்சு வாங்கிட்டு வந்துரு, போதும். தேதி முக்கியம்லா" என்றார். வளையும் என்று சொன்னேன். இன்றைக்கு ரயிலை விட்டுவிட்டு, புதிதாகச் செய்து வாங்கிக்கொண்டு நாளை மாலை ஏறப்போகிறேன் என்றும் சொன்னேன். அப்பா சொன்னதற்கு மாறாக நான் ஒன்றைச் செய்வது அதுவே முதல் முறை.

"சரி" என்றார் கடைசியில். "நீதான அங்க நிக்க. ஒனக்குத்தான் தெரியும்."

தேவராஜன் சாரிடம் வெல்டிங் வேண்டாம் என்றேன். மெஷினுக்கு எங்கே போவது என்று கையை விரித்தார். அப்போது ரஞ்சன், தமிழில், "சார், காலேலே ஆறு மணி நான் வரேன். பன்னெண்டுக்குள்ள முடிச்சி குடுக்கறேன்" என்றார். சார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "பன்னெண்டுன்னா பன்னெண்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்று சொல்லிவிட்டு நோட்டை என் முன்னால் வைத்தார். சைஸ் கட்டத்தில் எழுதினேன்: ஐம்பது எம்எம், இரு முனையும், பேரிங் 6210. கையெழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. இரண்டாவது ராடுக்கும் காசு என்னுடையதுதான்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் நானும் அங்கே இருந்தேன். எதற்கு என்று கேட்டுக் கேட்டு ரஞ்சனின் உயிரை வாங்கினேன். வெர்னியரை எப்படிப் படிப்பது என்று கேட்டேன். கடைசியில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று எதையோ சொன்னார். அது எனக்கு முழுதாகப் புரியவில்லை, புரியவில்லை என்றே சொன்னேன். இன்னொரு முறை சொன்னார். எட்டு மணிக்குத் தள்ளுவண்டியில் இட்லி வாங்கி வந்தேன். அவருக்கு நான்கு, எனக்கு நான்கு. பதினொன்றே முக்காலுக்குப் பேரிங்கை முனையில் வைத்தார். நின்றது. மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினார். தட்டத் தட்டத்தான் இறங்கியது. என்னிடம் கொடுத்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடவில்லை.

"ஊருக்குப் போனதும் ஓடுகிறதா என்று போன் செய்யுங்கள்" என்றார் இந்தியில். "நாங்கள் செய்கிற எதுவும் ஓடுகிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவே வராது."

திரும்பும் ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டிதான் கிடைத்தது. கழிப்பறைக்குப் பக்கத்தில் மூன்று ஷாஃப்ட் மேல் உட்கார்ந்து வந்தேன். தேய்ந்தது ஒன்று, தேய்ந்த மாதிரி செய்தது ஒன்று, சரியானது ஒன்று. மூன்றையும் தூக்க ஒரு போலீஸ்காரர் உதவினார். இறக்கி வைத்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டார்.

ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். வெள்ளிக்கிழமை நான் மில்லுக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல், புதுப் பவுடர் டப்பாவை வெட்டிய தகரப் பட்டைகள் மூன்று வரிசையாக இருந்தன. நான் அவற்றைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பேரிங் இரண்டையும் கட்டை வைத்து முழுதாகத் தட்டி ஏற்றினேன். ஷாஃப்டைத் தூக்கி வைக்க எதிர்வீட்டு அண்ணன் வந்தார். கல்லை மாட்டினோம், பெல்ட்டைப் போட்டோம். அப்பா எழுந்து வந்து பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு முறை பார்த்தார். பிறகு மூன்று தகரப் பட்டைகளையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி பத்து. சுவிட்சைப் போட்டேன். கல் முனகி, வேகம் பிடித்து, ஆட்டமில்லாமல் ஓடத் தொடங்கியது. போனை எடுத்து ரஞ்சனுக்கு நம்பர் போட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்க வைத்தேன்.

பத்தேகாலுக்கு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டு. ஓடுகிற மெஷினைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"என்ன மச்சான், சாவியத் தாரீகளா? நேரம் ஆவுதுல்லா" என்றார்.

அப்பா பெல்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட இல்ல. அவகிட்டக் கேளு" என்றார்.

கல் ஓடத் தொடங்கியதுமே அப்பா நீட்டிய சாவி என் கையில்தான் இருந்தது. கிரீஸ் பட்டு வழுக்கியது. மாமா என்னைத் தூக்கி வளர்த்தவர், அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது சுலபமாக இல்லை.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும் மாமா. மில்ல நான் ஓட்டிக்கிடுதேன்" என்றேன்.

மில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்னது?" என்றார். அதனால் இன்னொரு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.